குமாஸ்தாவின் மௌனம்

மௌனம் என்ற சொல்லைப் பத்து வருஷங்களுக்கு யாரும் உபயோகிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், தமிழில் கவிதை விமர்சனம் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பேனாவை மூடிவைக்க வேண்டியதுதான். சொற்களுக்கிடையே மௌனம், வரிகளுக்கடியில் மௌனம், கவிஞனின் மௌனம், வாசகனின் மௌனம், பிரபஞ்ச மௌனம். கவிதை புரியாவிட்டால் மௌனம். எழுதியவருக்கே சொல்ல ஒன்றுமில்லாவிட்டால் ஆழ்ந்த மௌனம். இரண்டு வரிகளுக்கு நடுவே அச்சகத்தில் விட்ட இடைவெளிகூட இப்போது தரிசனமாகிவிட்டது. மௌனம் என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு எதையும் நிரூபிக்க வேண்டாம் என்பதுதான் இந்தச் சொல்லின் சௌகரியம். இல்லாத ஒன்றை யார் மேற்கோள் காட்டிக் கேட்கப்போகிறார்கள்?

இதற்கு மரபின் சிபாரிசும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. தட்சிணாமூர்த்தி கல்லாலின் கீழ் பேசாமல் உபதேசித்தார். தாயுமானவருக்கு ஒரு மௌனகுரு. அருணகிரிநாதரை முருகன் சும்மா இருக்கச் சொன்னான். திருவண்ணாமலையில் ரமணர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் எழுதிய புத்தகங்கள் ஓர் அலமாரி தேறும். இந்த அனுபவங்களைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் பேசுவது அவற்றின் அமைப்பைப் பற்றி. ஒருவர் மௌனமாக இருக்கிறார், மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய மௌனம் உபதேசம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுடையது வெறும் அடக்கம். பண்ணையாள் பேசாமல் நின்றால் அது மரியாதை. புது மருமகள் பேசாவிட்டால் நாணம். மானேஜர் அறையில் நான் பேசாமல் நிற்பது உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. இத்தனைக்கும் ஒரே சொல். இவற்றைப் பிரித்துக் காட்டுவதைத் தவிர விமர்சகனுக்கு வேறென்ன வேலை?

இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியவர்கள் நம் மரபுக்குச் சம்பந்தமில்லாதவர்கள். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கூட்டம்: க்வேக்கர்கள். தங்களை அவர்கள் நண்பர்கள் சங்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்களுக்குச் சார்ல்ஸ் லாம் மூலம் ஒரு பரிச்சயம் இருக்கும். 1821இல் அவர்களுடைய தொழுகைக் கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். பரீட்சைக்குப் படித்ததால் அதை நாம் படிக்கவே இல்லை என்பது வேறு விஷயம். லாம் 33 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் குமாஸ்தா. கணக்குப் புத்தகத்தில் நாள் முழுதும் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு கூட்டம் கூடிப் பேசாமல் இருப்பது ஏன் அதிசயமாகப் பட்டது என்பது ஒரு வங்கிக் குமாஸ்தாவான எனக்கு நன்றாகவே புரிகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில் அரசனின் தலையை வெட்டிவிட்டு அடுத்து என்ன என்று திகைத்திருந்த காலத்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற நெசவாளியின் மகன் தொடங்கிவைத்த காரியம் இது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒளி உண்டு. அதற்கும் கடவுளுக்கும் நடுவில் பாதிரி வேண்டாம், ஞானஸ்நானம் வேண்டாம், அப்பமும் ரசமும் வேண்டாம், பாட்டு வேண்டாம், அச்சடித்த ஜெபம் வேண்டாம். இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சியது ஓர் அறையும் சில பெஞ்சுகளும் ஒரு மணி நேரமும். இன்றும் இங்கிலாந்தில் அப்படித்தான். நாற்காலிகளைச் சதுரமாகவோ வட்டமாகவோ போட்டு உட்காருகிறார்கள். பீடம் இல்லை, முன்வரிசை இல்லை. பேசத் தூண்டப்பட்டவர் எழுந்து பேசுகிறார். ஆணும் பேசலாம், பெண்ணும் பேசலாம். (பெண்கள் பேசலாம் என்பதற்கு வேதாகமத்திலிருந்து நியாயம் காட்டி மார்கரெட் ஃபெல் 1666இலேயே ஒரு பிரசுரம் எழுதியிருக்கிறார்.) ஒருவர் பேசியதும் அடுத்தவர் உடனே எழுந்துவிடக் கூடாது; சொன்னது கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். பதில் சொல்வது, மறுப்பது, பாராட்டுவது எதுவும் கிடையாது. ஒருவருமே பேசாமல் மணி முடிந்துபோவதும் உண்டு. கடைசியில் மூப்பர் இருவர் கைகுலுக்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

2020 ஊரடங்கில் இந்தக் கூட்டங்கள் திரைக்கு மாறின. இங்கே பிற்பகல் மூன்று மணி, அங்கே காலை பத்தரை. அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு மூலைச் சதுரத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஒலியை அடைத்துவைத்திருந்தார்கள். முதல் பத்து நிமிஷம் வேடிக்கை. அடுத்த பத்து நிமிஷம் எரிச்சல். அதன் பிறகு பேசுவதற்கு என்று எனக்குள் ஒரு வாக்கியம் தயாராவதைக் கவனித்தேன். நல்ல வாக்கியம்தான். இங்கே ஏதாவது கூட்டமாயிருந்தால் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும். ஆனால் அவர்கள் ஒழுங்குப்படி, அந்த வாக்கியத்தை நானே விசாரிக்க வேண்டும்: இது எனக்கு மட்டும் உரியதா, இந்தக் கூட்டத்துக்கு உரியதா? சொல்லாமல் இருந்தால் தாங்குமா? தாங்கும் என்று தெரிந்தது. உட்கார்ந்திருந்தேன். நாற்பதாவது நிமிஷத்தில் ஒரு வயதான அம்மாள், ஒலியைத் திறக்கத் தெரியாமல் தடுமாறி, பக்கத்து வீட்டு வேலி சாய்ந்துவிட்டதைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னார். (நம்மூர்க் கிழவியானால் ‘சொன்னாள்’ என்று எழுதியிருப்பேனோ என்ற சந்தேகம் இப்போது வருகிறது, அதற்குப் பிறகு வருவோம்.) அந்த இரண்டு வாக்கியங்கள் இன்னும் மறக்கவில்லை. அவை கவித்துவமாக இருந்ததால் அல்ல. நாற்பது நிமிஷம் அவற்றைச் சொல்லாமலிருக்க அவர் முயன்றிருந்தார் என்பதுதான் காரணம்.

நம் மௌனக் கவிஞர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நம்மவர்களுக்கு மௌனம் ஒரு விளைவு, வாசகன் மேல் தெளிக்கும் பன்னீர். இவர்களுக்கு அது ஒரு சல்லடை. சல்லடையைக் காட்டி யாரும் பெருமைப்படுவதில்லை.

மொழி விஷயத்தில் இவர்கள் செய்த ஒரு காரியத்தைத் தமிழ் எழுத்தாளர்கள் தெரிந்துகொள்வது அவசியம். அன்றைய ஆங்கிலத்தில் நம் ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் சமமாக இரண்டு சொற்கள் இருந்தன: வேலைக்காரனுக்கும் குழந்தைக்கும் கடவுளுக்கும் ‘தவ்’, கனவானுக்கு ‘யூ’. க்வேக்கர்கள் நீதிபதியைக்கூட ‘தவ்’ என்றே அழைத்தார்கள். ஒருவனைப் பன்மையில் அழைப்பது பொய் என்பது அவர்கள் கட்சி. இதற்காகவே 1660இல் ஃபாக்ஸும் இன்னும் இருவரும் சேர்ந்து, பல மொழிகளின் இலக்கணத்தைத் தேடிப்பிடித்து, ஒருமை ஒருமைதான் பன்மை பன்மைதான் என்று ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். உதையும் வாங்கினார்கள். யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்று சொல்லிச் சிறைக்கும் போனார்கள். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு தொப்பிக்கு இத்தனை ரகளையா என்று கேட்க உரிமை இல்லை. பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஆங்கிலம் எல்லோரையும் ‘யூ’வுக்கு உயர்த்திவிட்டது, க்வேக்கர்களின் சமத்துவச் சொல், ஒரு குழுவின் உள்வட்டக் கொச்சையாக, வேஷமாக, இருபதாம் நூற்றாண்டுவரை இழுத்துக்கொண்டு கிடந்தது. கலகம் சின்னமாகி, சின்னம் அருங்காட்சியகப் பொருளாவதற்கு இதைவிடச் சுருக்கமான சரித்திரம் கிடையாது.

நம்மிடம் அந்தக் கலகம்கூட நடக்கவில்லை. கடவுளை ‘நீ’ என்போம், மேலதிகாரியை ‘நீங்கள்’ என்போம். மனிதாபிமானம் சொட்டும் நம் நவீன சிறுகதைகளைப் புரட்டிப் பாருங்கள்: கதை சொல்லிக்கு வாத்தியார் ‘அவர்’, வண்டிக்காரன் ‘அவன்’, டாக்டர் ‘வந்தார்’, வெட்டியான் ‘வந்தான்’. கதையின் அனுதாபம் முழுதும் வெட்டியான் பக்கம். வினைமுற்று மட்டும் டாக்டர் பக்கம். படிமத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதியிருக்கிறோம், இந்த விகுதிகளைப் பற்றி யாராவது பத்துப் பக்கம் எழுதியிருக்கிறோமா?

சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள் என்பதால் – எப்போதும் உண்மை பேசுகிறவன் எதற்குத் தனியாகச் சத்தியம் செய்ய வேண்டும் – சர்வகலாசாலையும் அரசாங்க உத்தியோகமும் அவர்களுக்கு நெடுங்காலம் மூடியிருந்தன. மிஞ்சியது வியாபாரம். பேரம் பேசாமல் ஒரே விலை சொன்னார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குச் சாமான் கிடைக்கும் என்று பேராயிற்று. 1690இல் லண்டன் லம்பார்ட் தெருவில் ஒரு க்வேக்கர் பொற்கொல்லர் தொடங்கிய கடை, பிறகு ஜேம்ஸ் பார்க்ளே என்பவர் பங்காளியாகிப் பார்க்ளேஸ் வங்கி ஆயிற்று. 1765இல் பர்மிங்ஹாமில் லாயிட்ஸ் வங்கி. காட்பரி, ரவுன்ட்ரீ சாக்லேட்டுகள் எல்லாம் இந்த வம்சம். கடனைத் திருப்ப முடியாமல் போனால் சபை விலக்கிவிடும். சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் ஃப்ரையின் கணவர் 1828இல் திவாலானதும் சபையைவிட்டு நீக்கப்பட்டார். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் இரண்டு அர்த்தங்களையும் இவர்கள் ஒரே அறையில் வைத்து வளர்த்தார்கள். 1866இல் ஓவரெண்ட் கர்னி என்ற க்வேக்கர் குடும்பத்துக் கம்பெனி விழுந்து லண்டன் பணச்சந்தையையே உலுக்கியபோது, பேசாத அறைக்குள் கணக்கும் பேசாமல் இருந்திருக்கிறது என்பது தெரிந்தது.

சபையின் நிர்வாகக் கூட்டத்தை நடத்துகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டம் ‘க்ளார்க்’. பிஷப் இல்லை, தலைவர் இல்லை, குமாஸ்தா. அவருடைய வேலை தீர்ப்புச் சொல்வது அல்ல. ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசிய பிறகு, கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறது என்று உணர்ந்து, அங்கேயே அப்போதே மினிட்ஸ் எழுத வேண்டும். அவர் எழுதும்வரை மற்றவர்கள் மௌனமாக அவரைத் தாங்கிக்கொள்கிறார்கள். எழுதியதை வாசிப்பார். ஒரு சொல் சரியில்லை என்று யாராவது எழுந்தால் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். எல்லோரும் ஒப்பிய பிறகுதான் அடுத்த விஷயம். வீட்டுக்குப் போய் அழகுபடுத்தி எழுதும் வாய்ப்பே கிடையாது. 2009இல் யார்க் நகரில் கூடிய பிரிட்டன் வருஷாந்திரக் கூட்டம், ஒருபால் இணையருக்கும் தங்கள் கூட்டத்திலேயே திருமணம் நடத்துவது என்று இந்த முறையில், ஓட்டில்லாமல் முடிவுக்கு வந்தது. நாட்டின் சட்டம் அந்த இடத்துக்கு வர 2013 ஆயிற்று. மௌனம் ஒரு வாக்கியத்தில் முடிந்து அதற்கு எல்லோரும் பொறுப்பேற்கும்போது என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

கெட்ட உதாரணமும் அவர்களிடமே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பன்னீர் தெளிக்கிறவனாகிவிடுவேன். 1688இல் பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர், அடிமைகளை வைத்திருப்பது தகாது என்று ஒரு மனு எழுதினார்கள். மாதாந்திரக் கூட்டம் இது தன்னால் முடிவு செய்ய முடியாத கனமான விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பிற்று. காலாண்டுக் கூட்டம் வருஷாந்திரக் கூட்டத்துக்கு அனுப்பிற்று. வருஷாந்திரக் கூட்டம் ஃபைலை மூடிற்று. காகிதம் காணாமல்போய் 1844இல்தான் கண்டெடுக்கப்பட்டது. எந்த ஆபீசிலும் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்கு இதில் ஒரு வரிகூட விளக்கம் தேவையில்லை. 1738இல் பெஞ்சமின் லே என்ற கூனல் விழுந்த குள்ள மனிதர், சிவந்த பழச்சாறு நிரப்பிய ஒரு பையைப் புத்தகத்துக்குள் மறைத்து வருஷாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, வாளால் குத்தி, அடிமை வைத்திருந்த கனவான்கள் மேல் அந்த ‘ரத்தம்’ தெறிக்கச் செய்தார். மௌனத்தைக் கலைத்ததற்காக அவரைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்; சபையிலிருந்தும் நீக்கினார்கள். அந்தப் பையை யாரும் கவித்துவம் என்று சொல்லவில்லை.

நான் அதிகம் யோசித்தது லேயைப் பற்றி அல்ல, ஜான் உல்மனைப் பற்றி. கடையில் குமாஸ்தாவாக இருந்த இளைஞன். முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டார், வாங்கியவர் காத்துக்கொண்டிருக்கிறார், விற்பனைப் பத்திரம் எழுது என்கிறார். வாங்கியவர் வயதானவர், சபைக்காரர். உல்மன் எழுதிக் கொடுத்துவிட்டான். எழுதும்போதே மனம் வலித்தது. இது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று இருவர் முன்னாலும் சொல்லவும் சொன்னான். ஆனால் பத்திரம் பத்திரம்தான். அடுத்த தடவை ஒருவர் கேட்டபோது எழுத மறுத்தான். பிறகு வாழ்நாள் முழுதும் அடிமை வைத்திருந்த சபைக்காரர்களின் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினான். அடிமையை வாரிசுக்கு விட்டுச்செல்லும் உயில் எழுதித் தர மறுத்தான். 1776இல் ஃபிலடெல்ஃபியா வருஷாந்திரக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர் சபையில் இருக்க முடியாது என்று முடிவெடுத்தபோது உல்மன் செத்து நாலு வருஷம். ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து கணக்கிட்டால் 88 வருஷம். ஒருமனம் வரும்வரை காத்திருக்கும் மௌனத்துக்கு வட்டி உண்டு. வட்டியைக் கட்டியவர்கள் அந்த அறைக்குள் இல்லாதவர்கள். பிறகும் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பினத்தவர்களுக்கென்று தனி பெஞ்சு போட்ட கூட்டங்கள் இருந்தன. வடக்கன்குளத்தில் ஜாதிக்கொரு பக்கமாகக் கட்டிய கோவிலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இன்று என்ன நிலைமை? உலகத்தில் க்வேக்கர் என்ற பெயருள்ளவர்களில் பெரும்பாலோர் மௌனமாகத் தொழுவதே இல்லை. 1902இல் அமெரிக்க மிஷனரிகள் கைமோசியில் கால்வைத்த கென்யாவில்தான் இன்று மிக அதிகம் பேர். அங்கே போதகரும் பிரசங்கமும் பாட்டும் உண்டு. மௌனத்தின் தாய்வீடான பிரிட்டனில் அங்கத்தினர்கள் 13,000 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் நரைத்த தலைகள், படித்த, வசதியான, நல்ல மனிதர்கள். கடவுள் என்ற சொல்லை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தங்களுக்குள் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள். மௌனம் அங்கேயும் மெல்ல மனநிம்மதிப் பயிற்சியாக வழுக்கிவிடும் அபாயம் இருக்கிறது. எங்கள் வங்கிப் பயிற்சி முகாமில்கூடக் கடன் வசூல் வகுப்புக்கு முன் ஐந்து நிமிஷம் கண்ணை மூடச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த அறைகளில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். 2025 மார்ச் 27 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கூட்ட இல்லத்தின் கதவை உடைத்துக்கொண்டு இருபதுக்கு மேற்பட்ட போலீஸார் நுழைந்து, அங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கூடியிருந்த கிளர்ச்சிக்கார இளம்பெண்கள் ஆறு பேரைக் கைதுசெய்தார்கள். நம் கவியரங்கக் கதவை உடைக்கும் எண்ணம் எந்தப் போலீஸுக்கும் வந்ததில்லை.

சரி, கவிதை? கலைகளின் மேல் நெடுநாள் சந்தேகத்தோடு இருந்தவர்கள் இவர்கள். நாடகமும் நாவலும் சங்கீதமும் ஆகாது. மௌனம் தானாகவே கவிதையைத் தரும் என்று நம்புகிறவர்கள் பெர்னார்ட் பார்ட்டனைப் படிக்கட்டும். ‘க்வேக்கர் கவி’ என்றே பேர். சஃபோக்கில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் சுமார் நாற்பது வருஷம் வங்கிக் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி வாழலாமா என்று கேட்டவருக்கு லாம், வேண்டவே வேண்டாம், வங்கியிலேயே கிட என்று கடிதம் எழுதினார். எனக்கே எழுதியதுபோல் இருக்கும். வாரந்தோறும் அந்த மௌனத்தில் உட்கார்ந்து எழுந்த பார்ட்டனின் கவிதைகள் தண்ணீர் கலந்த மோர். இன்று அவரை நினைப்பது லாமின் சிநேகிதர், உமர் கய்யாமை மொழிபெயர்த்த ஃபிட்ஸ்ஜெரால்டின் மாமனார் என்பதால்தான்.

எதிர்ப்பக்கத்தில் பேசில் பண்டிங். க்வேக்கர் பள்ளிகளில் படித்தவர். 1918இல் பதினெட்டு வயதில் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். பவுண்டிடம் பாடம் கேட்டவர். அடுத்த போரில் இதே மனிதர் விமானப்படையில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் கவிதையில்லாமல் கிடந்து, நியூகாசிலில் பத்திரிகை ஆபீஸ் வேலைக்கு ரயிலில் போய்வந்துகொண்டே எழுதிய ‘பிரிக்ஃப்ளாட்ஸ்’ 1966இல் வந்தது. 1675இல் கட்டிய ஒரு சிறு க்வேக்கர் கூட்ட இல்லத்தின் பெயர் அது. எழுதியதில் பெரும்பகுதியை வெட்டி எறிந்து எழுநூறு வரி சொச்சம் நிறுத்தினார். அந்த வரிகளில் மௌனமே இல்லை. கல்லை உளி கொத்தும் சத்தம், மெய்யெழுத்துக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். மௌனம் வேலை செய்தது வெட்டி எறிந்த வரிகளில். பக்கத்தில் அதற்குத் தடயம் வேண்டியிருக்கவில்லை. வெற்றிடம் விட்டு அச்சடிக்கும் நம் கவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வெட்டியது எங்கே?

கடைசியாக நம் கூட்டங்கள். சமீபத்தில் ஒரு கவிதைத் தொகை நூலுக்கு நடந்த விமர்சனக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, இதில் சேர்த்திருக்கும் கவிகளில் பெண்கள் எத்தனை பேர், தலித்துகள் எத்தனை பேர், யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமை வகித்தவர் தேநீர் தயார் என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு பத்திரிகையில் கூட்டத்தைப் பற்றிய குறிப்பு: கேள்விக்குப் பின் அரங்கில் ‘அர்த்தம் கனத்த மௌனம்’ நிலவியதாம். ஜெர்மன்டவுன் மனுவை மேலே அனுப்பியவர்களுக்கு இப்படியொரு விமர்சகர் கிடைக்கவில்லை, பாவம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு யோசனை. பேச்சாளர் பட்டியல் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். யார் பேசினாலும் அடுத்தவர் எழ ஐந்து நிமிஷம் ஆகட்டும். முடிவில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே, நடந்ததை எழுதி வாசிக்க வேண்டும்: இன்ன கேள்வி கேட்கப்பட்டது, இன்னார் இன்ன பதில் சொன்னார், அல்லது நாற்பது பேரும் பதில் சொல்லவில்லை. சொல்லைத் திருத்த விரும்புகிறவர் அங்கேயே எழுந்து திருத்தட்டும். அந்த இளைஞரைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். எழுதுகிற வேலைக்கு நான் வருகிறேன். அது என் உத்தியோகம்தான். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, எனக்கு லீவு கிடைக்காது.